நாற்பத்திரண்டரை யானை

வேட்டை வாடியில் சண்டை வருவது மிருகத்தால் அல்ல, ஈரலால். யார் சுட்டது, யார் காவியது, யாருடைய நாய் முதலில் மோப்பம் பிடித்தது என்பதெல்லாம் ஈரல் வேகும்வரைக்கும்தான் பேச்சு. வெந்தபின் அது வழக்கு. ஆகவே நாலு பேர் சேர்ந்து காட்டுக்குள் கொட்டில் போட்டால், அடுப்பு மூட்டுமுன் சட்டம் போட்டுவிட வேண்டும். வன்னியின் சரித்திரமே இதுதான். ஆனையிறவுக்குத் தெற்கே தொடங்கி வவுனியா தாண்டிப் பரந்து கிடந்த ஒரு பெரிய வாடிக்குள் நானூறு வருஷமாக ஆள்மாறி ஆள் வந்து ஆளுக்கொரு சட்டம் எழுதித் தொங்கவிட்டார்கள். ஒருவருக்கும் ஈரல் ஞாபகம் வரவில்லை.

ஈரலை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு முன்னுதாரணம் பெரியபுராணத்திலேயே இருக்கிறது. திண்ணன், நாணன், காடன் மூன்று பேரும் ஒரு பன்றியைத் துரத்திப் போகிறார்கள். திண்ணன் குத்தி விழுத்துகிறான். காடன் தீ மூட்டுகிறான். இதுவரை எல்லாம் முறைப்படி. திண்ணன் மலைமேல் போய் சிவலிங்கத்தைப் பார்த்துவிட்டு வந்து, இறைச்சியைச் சுட்டு, ஒவ்வொரு துண்டாக வாயில் போட்டு ருசி பார்த்து, நல்லதை எல்லாம் இலையில் எடுத்து வைக்கிறான். தானும் விழுங்கவில்லை, பக்கத்தில் பசியோடு குந்தியிருந்த இருவருக்கும் ஒரு துண்டு கொடுக்கவுமில்லை. பெடியனுக்குப் பிசகிவிட்டது என்று முடிவு செய்து இரண்டு பேரும் தகப்பனிடம் முறையிடப் போனார்கள். திண்ணன் கண்ணப்பரானார், நாயன்மார் வரிசையில் ஏறினார். நாணனுக்கும் காடனுக்கும் அந்தப் பன்றியில் பங்கு கிடைத்ததா என்று இன்றுவரை ஒரு சைவப் பெரியாரும் விசாரிக்கவில்லை.

வன்னிக்கு வருவோம். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைப் பிடித்தார்கள். 1658இல் ஒல்லாந்தர் வந்து அவர்களைத் துரத்தினார்கள். வாடியின் முதலாவது எழுத்துச் சட்டம் இவர்கள் காலத்தது: காடு உன்னுடையது, யானை என்னுடையது. பனங்காமம், முள்ளியவளை, கரிக்கட்டுமூலை, தென்னமரவாடி என்று பற்றுப் பற்றாக ஆண்ட வன்னியர்கள் வருஷாவருஷம் யானை பிடித்துத் திறை கட்ட வேண்டும். யாழ்ப்பாணத் தளபதியாக இருந்த ஸ்வார்டெக்ரூன் 1697இல் எழுதிவைத்த குறிப்பின்படி, எல்லாப் பற்றும் சேர்ந்து கொடுக்க வேண்டியது 42½ யானை.

நாற்பத்திரண்டு, சரி. அந்த அரை? கந்தோரில் இப்படி ஒரு உரையாடல் நடந்திருக்கத்தான் வேண்டும்.

"துரை, முழுசாய்த்தான் பிடிபடும். அரை எண்டால் முன்னுக்கோ பின்னுக்கோ?"

"கணக்கில் இருக்கிறது. கொண்டு வா."

"பின்னுக்கு எண்டால் லேசு. முன்னுக்கு எண்டால் அது தும்பிக்கையால பேசும்."

ஆனாலும் இந்த அரைக்கு ஒரு மரியாதை கொடுக்கத்தான் வேண்டும். வேட்டைக்காரன் சொல்லும் எண்ணிக்கை எப்போதும் முழு எண்ணாகவே இருக்கும். அரை சேர்ப்பவன் கணக்கப்பிள்ளை மட்டும்தான். வன்னியர்களோ அந்த அரையையும் கொடுக்காமல், முழுசிலும் நிலுவை வைத்து, ஞானஸ்நானப் பெயர்களைச் சூடிக்கொண்டு, கேட்க வந்தவனைப் பாக்கு வெற்றிலை கொடுத்து உபசரித்து அனுப்பினார்கள். பனங்காமத்து நல்லமாப்பாண வன்னியன் ஒல்லாந்தர் ஏட்டில் 'தொன் பிலிப்'. பெயரில் தொன் ஏறியதே தவிர யானை குறைந்தபடிதான்.

பிடிபட்டவை ஆனையிறவுப் பரவைக்கடலில் இறங்கி, தண்ணீருக்குள்ளால் நடந்து குடாநாடு போய், ஊர்காவற்றுறையில் கப்பலேறி, வங்காளத்துக்கும் கோல்கொண்டாவுக்கும் போயின. லாபம் ஒல்லாந்தக் கொம்பனிக்கு. மான்தோல் கயிற்றோடு யானையின் காலடியில் ஊர்ந்துபோய்ச் சுருக்கு மாட்டிய பணிக்கருக்கு உடம்பில் உயிர் மிஞ்சினால் அதுவே லாபம்.

1795இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஆங்கிலேயர் பழைய சட்டப் பலகையைக் கழற்றி வேறு மாட்டினார்கள். நடுவில் பண்டாரவன்னியன் என்ற மனிதர், வாடி யாருடையது என்ற அடிப்படைக் கேள்வியைக் கேட்டு, 1803 ஓகஸ்ற்றில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்து விருந்தாளிகளைக் கடல்வழியாக அனுப்பிவைத்தார். ஒக்ரோபர் 31இல் ஆங்கிலேயரின் கப்டன் வொன் டிறிபேர்க் கற்சிலைமடுவில் அவரைத் தோற்கடித்தார்; அதற்குக் கல்லும் நட்டாயிற்று. நம்முடைய ஊரில் நடுகல் போரில் விழுந்தவனுக்கு நடுவது; வெள்ளைக்காரன் வென்றதற்கு நட்டான். கல் நட்டவன் பெயர் இப்போது யாருக்கும் வாயில் வருவதில்லை, தோற்றவன் பெயரில் சிலை நிற்கிறது, விழா நடக்கிறது.

அதன்பின் புதுச் சட்டம்: யானையைப் பிடிக்காதே, சுடு. பயிரை அழிக்கிறது என்று தலைக்குச் சில ஷிலிங் சன்மானம் அறிவித்தது அரசாங்கம். வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும், 1848க்கு முந்திய மூன்று வருஷத்துக்கும் குறைந்த காலத்தில், 3,500க்கு மேற்பட்ட யானைகள் விழுந்தன என்று எழுதிவைத்திருக்கிறார் எமர்சன் ரெனன்ற். ஒல்லாந்தன் அரை யானைக்குக் கணக்குப் பார்த்த அதே காட்டில் இது. தென்பக்கத்தில் மேஜர் ரோஜர்ஸ் என்பவர் தனியாளாக 1,400 யானை சுட்டதாகப் பேர் வாங்கினார். 1845இல் அப்புத்தளையில் இடிமழை ஓய்ந்துவிட்டதா என்று விறாந்தைக்கு வந்து எட்டிப் பார்த்து, ஓய்ந்துவிட்டது என்று உள்ளே இருந்தவர்களுக்கு அறிவித்தாராம். அடுத்த மின்னல் அவருக்கு. வாடிச் சட்டம், இடிமழைப் பிரிவு: ஓய்ந்துவிட்டதென்று வானம் சொல்லட்டும், நீ சொல்லாதே.

சுட்டுச் சுட்டுக் காடு வெறிதானபோது துரைமாருக்குத் திடீரென்று ஜீவகாருண்யம் சுரந்தது. 1891இல் யானை முதலான மிருகங்களைக் கண்டபடி கொல்லக் கூடாதென்று சட்டம் வந்தது. 1894இல் வேட்டை மிருகப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியது. அங்கத்தவர்கள் யாரென்று கேட்டால், துவக்கு வைத்திருந்த அதே துரைமார். குற்றவாளி யாரென்று கேட்டால், இறைச்சியையும் தோலையும் விற்ற கிராமத்தான். துரை சுட்டால் விளையாட்டு, கந்தையா சுட்டால் களவு. அந்தச் சங்கம் பின்னாளில் உண்மையாகவே காடு காக்கும் சங்கமாகி இன்றும் இயங்குகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். திருந்தியவனை வாடியில் அடுப்படிக்குக் கிட்ட இருத்துவது வழக்கம்.

துரையின் வாடி தனி ரகம். வண்டில் வண்டிலாகக் கூடாரம், மடிப்புக் கட்டில், விஸ்கி, சமைக்கக் கோக்கி. மரையின் காலடியைப் பார்த்து, எப்போது போனது, எங்கே நிற்கும் என்று சொல்லிக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துபவன் ஊர்க்காரன். விரலை மடக்குபவர் துரை. புத்தகத்தில் துரைக்குப் பேர் இருக்கும், துவக்குக்கும் குழல் அளவோடு பேர் இருக்கும், கூட்டிக்கொண்டு போனவன் 'என் வழிகாட்டி'.

அந்த வழிகாட்டி தன் சினேகிதரோடு போடும் வாடியில் பலகையே இல்லை. ஆனால் சட்டம் இருந்தது. காட்டுக்குள் இறங்குமுன் ஐயனாருக்கு ஒரு குழை முறித்துக் கொப்பில் தொங்கவிட வேண்டும். தமிழனும் தொங்கவிட்டான், சிங்களவனும் தொங்கவிட்டான். ஐயனார் குழையில் பாஷை பார்க்கவில்லை. இடியன் துவக்கை மருந்து இடித்தபின் கொட்டிலுக்குள் கொண்டுவரக் கூடாது. மருந்துக் குடுவை அடுப்புப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. பெரியவரைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பெரியவர் என்றால் யானை. புளுகலாம், ஆனால் சாப்பிட்டபின். வெறும் வயிற்றுக்காரனுக்குப் புளுகு செமிக்காது.

இதற்கெல்லாம் மேலே பங்கு. இலைகுழையை நிலத்தில் பரப்பி, இறைச்சியைக் கூறு கூறாக வைப்பார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடையில் ஒரு துண்டு, விலாவில் ஒன்று, கொழுப்பில் கொஞ்சம், எலும்பு ஒன்று, குடல் ஒரு முழம், மேலே ஈரல் விரலளவு. வெட்டுகிறவன் ஒரு கூறில் கிள்ளி மறு கூறில் வைத்தபடியே இருப்பான். பார்த்துக்கொண்டிருக்கிறவன் பேசமாட்டான், தொண்டையைச் செருமுவான். செருமல் கேட்டால் இன்னொரு கிள்ளு இடம் மாறும்.

"அண்ணை, அந்தக் கூறிலை எலும்புதான் கண்ணுக்குத் தெரியுது."

"எலும்பிலைதான்ரா ருசி."

"அப்ப அதை நீங்கள் எடுங்கோ."

அதோடு வெட்டுகிறவன் மறுபடி கிள்ளுவான். கூறு வைத்தவன் கடைசியாகத்தான் எடுக்க வேண்டும். அந்த ஒரு விதி போதும், தராசு வேண்டாம். சுட்டவனுக்கு மேலதிகம், துவக்குக் கொடுத்தவனுக்கு வேட்டைக்கு வராவிட்டாலும் பங்கு, நாய்க்கும் பங்கு. மிச்சம் புகையில் காய்ந்து வத்தலாகி வீட்டுக்குப் போகும்.

1937இல் வனசீவராசிகள் தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் சுண்டிக்குளம் பறவைகள் சரணாலயமானது. மானும் மரையும் இன்று சட்டத்தின் கைக்குள். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். 3,500ஐ மூன்று வருஷத்தில் முடித்த இனத்திடம் மிச்சத்தை நம்பிக் கொடுக்க முடியாது. ஆனால் காட்டு ஓரத்தில் நட்ட அரசாங்கப் பலகைகளில் வன்னிச் சனம் மறுபேச்சில்லாமல் கீழ்ப்படிந்தது ஒன்றுக்குத்தான்: 2009க்குப் பிறகு மண்டையோட்டுப் படத்தோடு நின்ற சிவப்பு மிதிவெடிப் பலகை. அதற்கு உபவிதி தேவைப்படவில்லை.

பங்குச் சட்டம் மட்டும் காட்டைவிட்டு வெளியேறி ஊருக்குள் குடியிருக்கிறது. தீபாவளிக்கு முதல்நாள் எந்தக் கிராமத்திலும் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாய் வாங்கிப் பங்கு போடும்போது பாருங்கள்: அதே கூறு, அதே கிள்ளு, அதே செருமல். ஒல்லாந்தர் யானையை அரையாகவும் எண்ணினார்கள், ஆங்கிலேயர் ஆயிரக்கணக்கில் எண்ணினார்கள். ஈரலை எப்படிப் பிரிப்பது என்று இரண்டு பேரும் ஒரு வரி எழுதவில்லை. அதனால்தான் அவர்களுடைய ஆட்சி போனது என்று யாராவது சொன்னால், வன்னியில் மறுத்துப் பேச ஆள் கிடைக்காது.