இறக்கினது இறக்கியாச்சு

காலையில் காப்பி டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும் நேரம் பார்த்து மெக்கானிக் பாயிடமிருந்து போன். “சார், கியர் பாக்ஸ் இறக்கினது இறக்கியாச்சு. கையோட கையா என்ஜின் மவுண்டிங் ரெண்டையும் மாத்திடலாமா?”

கேட்பதற்கு முன்பே பழைய மவுண்டிங்கைக் கழற்றித் தகரத் தட்டில் போட்டிருப்பார். என்னுடைய “சரி பாய்” பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது மாதிரி, வேலை அதற்கு முன்பே நடந்திருக்கும். காப்பி ஆறிவிட்டது. நான் ஆறவில்லை. அதே சூட்டில் எழுதுகிறேன்.

வண்டி மெர்சிடிஸ் 240டி, ஆட்டோமேட்டிக். 1976இல் தொடங்கி எண்பதுகளின் நடுவரை வந்த டபிள்யூ123 வரிசை. பென்ஸ் என்றதும் புருவத்தை உயர்த்த வேண்டாம். நாலு சிலிண்டர் டீசல், 72 குதிரைத் திறன், எடை 1,400 கிலோவை ஒட்டி. அந்த 72 குதிரையில் சில குதிரைகளை ஆட்டோமேட்டிக் பாக்ஸ் எண்ணெய் கலக்கவே வைத்துக்கொள்ளும். சிக்னலில் பச்சை விழுந்ததும் பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள். நான் அப்போதே ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு மிதித்துக்கொண்டிருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது.

தவிர, இந்த வண்டியில் பாதி வேலை வேக்குவத்தில் நடக்கிறது. கதவுப் பூட்டு, பிரேக் பூஸ்டர், கியர் விழும் பதம், சாவியைத் திருப்பினால் என்ஜின் அணைவது, எல்லாவற்றுக்கும் ஒரே பம்ப்தான். டிக்கிப் பூட்டின் ரப்பர் கிழிந்தால் என்ஜின் அணைய மறுக்கும். நாற்பது வருஷ ரப்பரை யார் என்ன சொல்ல முடியும்? பானட்டைத் திறந்து, ‘ஸ்டாப்’ என்று எழுதியிருக்கும் லீவரைக் கையால் அழுத்த வேண்டும். அப்படி நிற்கும்போது எதிர்வீட்டுக்காரர் ஒருநாள், “ஸ்டார்ட் ஆகலையா?” என்றார். “நிக்க மாட்டேங்குது சார்” என்றேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். இன்றுவரை பேச்சு இல்லை.

பாக்ஸ் படுத்தது. ஓவர்ஹாலுக்குச் சொன்ன விலையில் ஓடுகிற மாருதியே வாங்கலாம். சரி, மேனுவலாக மாற்றிவிடுவோம், அதுவும் சிக்கனமாக, என்று டைரியில் ஒரு தொகையை எழுதி இரண்டு கோடு போட்டேன்.

சிக்கனத்துக்கு ஒரு நல்ல காரணம் இருந்தது. இந்த 240டியின் ஓஎம்616 என்ஜினைத்தான் பஜாஜ் டெம்போ லைசென்ஸ் வாங்கி இங்கே செய்தது. ஊரெல்லாம் ஓடிய டெம்போ டிராவலர் வேன்களும் டிராக்ஸ்களும் என் வண்டிக்கு ஒன்றுவிட்ட பங்காளிகள். ஜெர்மனிக்கு எழுதிப்போட வேண்டாம், கூவம் கரையில் புதுப்பேட்டைக்குப் போனால் போதும். “தாய் வீடு ஒண்ணுதான் சார். கொஞ்சம் பிசிறும், லேத்துல பாத்துக்கலாம்” என்றார் பாய். சபரிமலைக்கும் மேல்மருவத்தூருக்கும் போய் வந்த ஒரு கியர் பாக்ஸ், காயலான் கடையில் கிரீஸ் பூசிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது.

கியர் பாக்ஸ் மட்டும் வந்தால் போதுமா? ஆட்டோமேட்டிக் வண்டியில் கிளட்ச் சம்பந்தப்பட்ட எதுவும் கிடையாது. தகடுபோல இருக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டைக் கழற்றிவிட்டுக் கனமான ஃபிளைவீல், அதையும் பழையதோடு ஒப்பிட்டு பேலன்ஸ் பார்த்துப் போட வேண்டும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கிராங்க்கின் வாலில் ஒரு பைலட் பேரிங். காலுக்குப் பெடல், பெடலுக்கு மாஸ்டர் சிலிண்டர், அந்தப் பக்கம் ஸ்லேவ் சிலிண்டர். இரண்டு காலையும் வைக்கிற அகலத்தில் இருக்கும் பிரேக் பெடலைச் சின்னதாக்க வேண்டும். பி, என் இரண்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகவிடும் சுவிட்சின் ஒயர்களைச் சேர்த்து முறுக்க வேண்டும். நீளம் ஒத்துவராத புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி, வெல்டு வைத்து, மறுபடி பேலன்ஸ். இதற்கெல்லாம் டைரியில் இடம் விட்டிருந்தேன். கணக்கில் நான் கெட்டி.

ஆனால் பாக்ஸை இறக்கியாச்சே! இறக்கினது இறக்கியாச்சு என்பதால் கிராங்க் பின்பக்க ஆயில் சீல். சீல் போடுகிற கையோடு சம்ப் பேக்கிங். பாக்ஸ் இல்லாமல் என்ஜின் சாய்ந்து நிற்பதால் மவுண்டிங். மவுண்டிங்குக்காக என்ஜினைத் தூக்கும்போது ரேடியேட்டர் ஹோஸ் இழுபடும், ஆகவே ஹோஸ். ஹோஸ் கழன்றபின் ரேடியேட்டரைக் கொடுத்து அடைப்பு எடுக்காமல் இருக்க முடியுமா? ரேடியேட்டர் போன இடம் வெறிச்சென்று இருக்கிறது, துரு தெரிகிறது, ஒரு கோட் பெயின்ட். உள்ளே பெயின்ட் பளபளத்ததும் வெளியே மங்கல். வெளியே அடிப்பதென்றால் கண்ணாடி பீடிங்கை எடுக்க வேண்டும், எடுத்த பீடிங் திரும்பப் போனதாகச் சரித்திரமே இல்லை. இந்த வேகத்தில் போனால் பழைய சாமானாக வண்டியில் மிஞ்சப்போவது நான் ஒருவன்தான்.

பாயை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நாம் எல்லோருமே இந்த ஜாதிதான். திருப்பதிக்கு டிக்கெட் போட்டால் கையோடு திருச்சானூர், அதன் கையோடு காளஹஸ்தி. கும்பகோணத்தில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனவன் ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் முடித்துவிட்டுத்தான் ஊர் திரும்புவான். பெண்ணையும் பிள்ளையையும் சரியாகப் பார்த்திருக்க மாட்டான், சனீஸ்வரனைப் பார்த்திருப்பான். குழந்தைக்கு மொட்டை என்றால் கையோடு காதுகுத்து, காதுகுத்து என்றால் தாய்மாமன் சீர், சீர் என்றால் கடா வெட்டு. குழாயில் வாஷர் மாற்ற வந்தவர் எங்கள் குளியலறையில் டைல்ஸ் வரைக்கும் போனார், டைல்ஸ்காரர் சமையல் மேடையைப் பார்த்து நாக்குத் தட்டினார். பல் வலிக்கு என்று போன என் மாமனார் வலிக்காத பல்லையும் சேர்த்து எடுத்துக்கொண்டு செட்டோடு வந்தார். “நாற்காலியில உக்காந்ததே உக்காந்தாச்சு” என்றாராம் டாக்டர். ஒரே ஒரு காரியத்தை மட்டும் செய்துவிட்டு எழுந்து வந்த தமிழனை நான் பார்த்ததில்லை. பில் கட்டும்போதுகூட, “கையோட ஒரு மொபைல் கவர் போட்டுடவா சார்?” என்கிறான் கடைப் பையன். அதற்கும் நாம் தலையாட்டுகிறோம்.

மச்சினருக்கு வேறு கவலை. “ஊரே மேனுவலை விட்டு ஆட்டோமேட்டிக் போகுது, அத்திம்பேர் மட்டும் ரிவர்ஸ்ல போறார்” என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார். அவர் சொல்வது கணக்குப்படி சரி. 2014இல் உத்தர்பாராவில் அம்பாசடர் நின்றது. அதே வருஷம்தான் கிளட்ச் பெடல் இல்லாத செலேரியோ வந்து நடுத்தர வர்க்கத்தின் இடது காலுக்கு ஓய்வு கொடுத்தது. மச்சினர் அதைத்தான் ஓட்டுகிறார். கிண்டி மேம்பாலத்து ஏற்றத்தில் நின்று எடுக்கும்போது அந்த வண்டி கியருக்குக் கியர் யோசிக்கும் யோசனையைப் பற்றி நான் குரூப்பில் ஏதும் எழுதவில்லை. எனக்கு நாகரிகம் தெரியும்.

கழற்றிய ஆட்டோமேட்டிக் பாக்ஸ் எங்கள் கார் ஷெட்டில் அட்டைப் பெட்டி மேல் சிவப்பு எண்ணெய் ஒழுக்கிக்கொண்டு கிடந்தது. காயலான் கடைக்காரர் அலுமினிய விலைக்கு, கிலோ கணக்கில் கேட்டார். கொடுக்கவில்லை. என்றைக்காவது யாராவது கேட்டு வருவார்கள் என்றேன். வீட்டில் சிரித்தார்கள்.

நேற்று மாலை நிஜமாகவே ஒருவர் வந்தார். பாய் அனுப்பியவர். அவரிடமும் 240டிதான், மேனுவல். முழங்கால் போய்விட்டது, இனிமேல் கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பாக்ஸைத் தடவித் தடவிப் பார்த்தார். ரிப்பேர் கிட் சிங்கப்பூரிலிருந்து தம்பி கொண்டுவருவான் என்றார்.

“உங்க பழைய மேனுவல் பாக்ஸை என்ன பண்ணப் போறீங்க?” என்றேன், கேட்டிருக்கக் கூடாது.

“பெடல், ஃபிளைவீல், ஷாஃப்ட்டு, எல்லாம் ஒரிஜினல் சார். உங்க வண்டிக்கு அப்படியே உக்காரும். பேசாம மாத்திக்கிட்டிருக்கலாம், பாய் உங்ககிட்ட சொல்லலையா?”

பாய்க்கு அப்போதே போன் போட்டேன். “அட, ஆமா சார்” என்றார். “டிராவலர் பாக்ஸுக்குத்தான் பெல் ஹவுசிங்கைத் துளை போட்டாச்சே. துளை போட்ட பாக்ஸைக் கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான்.”