பன்னிரண்டு கட்டக்காரர்

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் இவரைப் பார்க்கலாம். செக்கிங் டேபிளில் கிடக்கும் அட்டையின் பின்புறம் ‘கோ, வென்ட், கான்’ என்று எழுதியிருந்தால், ஆள் பக்கத்தில்தான் இருக்கிறார். ஷிப்ட் முடிந்ததும் செல்போன் கடை மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்கு ஓடுவார். ரேபிடெக்ஸ் இங்கிலீஷ் புத்தக விளம்பரத்தில் கபில்தேவ் சிரித்த காலத்திலிருந்தே இந்த இனம் உண்டு.

இவரது சொத்து, பன்னிரண்டு கட்டம் போட்ட டென்ஸ் சார்ட். மேலே மூன்று காலம். பக்கவாட்டில் சிம்பிள், கன்டினியூஸ், பெர்பெக்ட், பெர்பெக்ட் கன்டினியூஸ். கட்டத்துக்குக் கட்டம் ஒருவன் ஆப்பிள் தின்கிறான். கடைசிக் கட்டத்து ‘ஐ ஷல் ஹேவ் பீன் ஈட்டிங்’கை வெள்ளைக்காரனே எப்போதாவதுதான் சொல்வான், இவர் தூக்கத்தில் சொல்வார். கட், புட், ஷட் மூன்றும் இவருக்கு இஷ்ட தெய்வங்கள். நேற்றானாலும் இன்றானாலும் முகம் மாறாதவை!

யாரோ சொன்னார்கள் என்று ‘ரென் அண்ட் மார்ட்டின்’ இலக்கணமும் வாங்கினார். அதே பி.சி. ரென் 1924இல் ‘போ ஜெஸ்ட்’ என்று பாலைவனப் பட்டாளத்துச் சாகச நாவலும் எழுதியவர். அதை வாங்கியிருந்தால் இந்நேரம் பேசியிருப்பார்.

வாயைத் திறக்க வேண்டிய இடத்தில்தான் வம்பு. எந்தக் கட்டம் என்று தீர்மானமாகும் வரை நாக்கு அசையாது. அவசரமென்றால் எல்லாவற்றுக்கும் ஓர் ‘இங்’ ஒட்டிவிடுவார். ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் கம்மிங் எஸ்டர்டே’. தினமும் வருகிற சூப்பர்வைசரை ‘டெய்லி ஹி வில் கம்’ என்பார். இதில் மட்டும் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வாடிக்கையைக்கூட ‘தினமும் வருவார்’ என்று எதிர்காலத்தில் சொல்லிப் பழகிய வாய் அது.

ஒருநாள் வெளிநாட்டு பையர் போனில் வந்தார். ‘ஹேவ் யூ சென்ட் த கன்டெய்னர்?’ ஸ்பீக்கரில் கேட்டதும் நம்மவர் முகம் மலர்ந்தது.

“பிரசன்ட் பெர்பெக்ட்டுங்க மொதலாளி!”

“அது கெடக்குது. என்ன கேக்கறான்?”

“கேள்வி வாக்கியமுங்க.”

முதலாளி போனைப் பிடுங்கினார். எட்டாவதோடு நின்றவர். “தூத்துக்குடி, ஷிப்பு கோ! பி.எல்லு, மெயில் கம்!” என்றார். பி.எல். என்றால் கப்பல் சரக்கு ரசீது. பையர் நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி நம்மவர் அந்த வாக்கியத்தைச் சார்ட்டில் ஒவ்வொரு கட்டமாக வைத்துப் பார்த்தார். எதிலும் உட்காரவில்லை. முதலாளிக்காக ரொம்ப வருத்தப்பட்டார்.

உங்கள் ஆபீசிலும் இப்படி ஒருவர் இருப்பார். ‘ஐ ஆம் கம்மிங் எஸ்டர்டே’ என்று அவர் ஆரம்பித்தால் தயவுசெய்து திருத்தாதீர்கள். நேற்று எங்கே வந்தார், எதற்கு வந்தார் என்று ஆங்கிலத்திலேயே கேளுங்கள். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். டீ சொல்லிவிட்டுக் கேட்பது நல்லது.