தராசு முள் ஆடக் கூடாது

ஆவணப்பட இயக்குநர் மைக்கேல் மூர் 2007-இல் ‘சிக்கோ’ எடுத்தார். அமெரிக்க மருத்துவக் காப்பீட்டு நிறுவனங்களைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, நோயாளிகளைக் கியூபாவுக்குக் கூட்டிப்போய்விட்டார். காப்பீட்டு நிறுவனமும் பாவம்தானே என்று யோசித்தாரா?

மருத்துவம் பற்றித் திருவேற்காட்டில் நாம் படம் எடுத்தால் அந்த ஒருதலைப்பட்ச அநியாயம் நடக்காது. அரசு ஆஸ்பத்திரி வரிசையைக் காட்டினால் தனியாரிலும் ஒரு வரிசையைக் காட்ட வேண்டும். கவலை வேண்டாம், பில் கவுன்டரில் கிடைக்கும். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்குகிறது, அரசு ஆஸ்பத்திரியில் அவை இலவசமாகக் கிடைக்கின்றன. இதை ஒரு நிமிடம் சொன்னால், அதே மருந்தைக் காசு கொடுத்து வாங்கும் ஆனந்தத்துக்கும் ஒரு நிமிடம். கணக்கு கணக்காக இருக்க வேண்டும்.

இந்தியாவில் பெரியம்மை ஒழிந்ததாக 1977-இல் அறிவித்தார்கள். புகழெல்லாம் தடுப்பூசிக்கு. கருமாரியம்மன் கோயில் வேப்பிலைக்கு மூன்று நிமிடமாவது தர வேண்டாமா? கிருமியின் தரப்பை இன்றுவரை யாரும் கேட்கவே இல்லை என்பது தனிக் கொடுமை.

எடிட்டிங்கில் ஒரே ஒரு சிக்கல் வரும்: நோயாளி. எப்படியாவது பிழைக்க வேண்டும் என்று ஒரே பக்கமாகப் பேசுவார். நடுநிலை கருதி வெட்டிவிடலாம். காலியாகும் இடத்தில் படத்துக்குப் பணம் போட்ட மருத்துவமனையின் தலைவர் பேசட்டும். அவர் இடமும் சாயமாட்டார், வலமும் சாயமாட்டார். கேமராவை நேராகப் பார்த்தே பேசுவார்.