மானைக் கூப்பிடும் கலை

அமெரிக்காவின் வெள்ளைவால் மான் ஊமை அல்ல. ஆண் மான் தொண்டைக்குள் உறுமும். பெண் மான் மெல்லக் கத்தும். ஆபத்தென்றால் இரண்டும் மூக்கால் சீறி, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும். முதல் இரண்டு சத்தங்களையும் வேட்டைக்காரர் கடையில் காசு கொடுத்து வாங்குகிறார். மூன்றாவது காட்டில் இலவசமாகவே கிடைத்துவிடுகிறது.

உறுமலுக்கு, உள்ளே பிளாஸ்டிக் நாக்கு வைத்த ஊதுகுழல். பெண் மான் குரலுக்கு ஒரு சிறு டப்பா. கவிழ்த்தால் தானே கத்தும், வித்துவான் தேவையில்லை. சண்டைச் சத்தத்துக்கு இரண்டு கொம்புகளை மோதித் தட்டுவார்கள். தெற்கு டெக்சாஸில் பேர்பெற்ற உத்தி இது. ஆண்கள் குறைந்து பெண்கள் மிகுந்த காட்டில் எடுபடாது. போட்டியே இல்லாத இடத்தில் சண்டை பார்க்க யார் வருவார்?

காலமும் பார்க்க வேண்டும். வட மாநிலங்களில் இணைசேரும் பருவம் நவம்பர் நடுவில் உச்சம் தொடும். அதற்குச் சற்று முந்தைய நாட்களில்தான் குழலுக்கு யோகம். துணை தேடி அலையும் ஆண் மான் எந்த உறுமலிலும் ஒரு எதிரியைக் கண்டுவிடும். உச்சத்திலோ, பக்கத்தில் பெண் மான் நிற்கும்போது திரும்பியும் பாராது. அவள் இணங்குவது ஏறக்குறைய ஒரே நாள்; அதை விட்டுவிட்டுப் புதருக்குள் நடக்கும் அடிதடியை விசாரிக்க அது என்ன பஞ்சாயத்துத் தலைவரா?

இனி ஊதும் முறை. மான் விலகிப் போகும்போது இரண்டு மூன்று குறுகிய உறுமல். நின்று காதைத் திருப்பினால் போதும், குழல் பைக்குள் போக வேண்டும். சத்தம் எந்த மரத்தடியிலிருந்து வந்தது என்பதை மான் துல்லியமாகக் குறித்துக்கொள்ளும். மறுபடி ஊதினால் அந்த இடத்தைத்தான் உற்றுப் பார்க்கும்; அங்கே மானைக் காணோம், தொப்பி போட்ட ஒருவர்தான் இருக்கிறார். ஆனால் புதியவர், திருவிழாவில் பீப்பி வாங்கிய பிள்ளை மாதிரி, ஊதிக்கொண்டே இருப்பார். சீறலும் இழுப்பும் கலந்த சவால் குரல் இன்னும் ஆபத்து: கிழட்டு ஆண் மான் கோபித்து வரலாம், இளசுகள் ஊரைவிட்டே போய்விடும்.

அழைப்பை நம்பி வரும் மூத்த மானும் நேராக வராது. காற்று போகும் பக்கமாகச் சுற்றி வந்து மோந்து பார்க்கும். அந்தப் பக்கம் வெட்டவெளியாக உள்ள இடத்தில் உட்கார்ந்தால், மணம் எட்டுமுன் மான் கண்ணில் படும். இலை அச்சிட்ட உடைக்குச் செலவழித்தவரைக் காலையில் போட்ட வாசனைச் சோப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

சினையாகாத பெண் மான்கள் சுமார் 28 நாளில் மறுபடி பருவத்துக்கு வருவதால் டிசம்பரில் இன்னொரு சிறு வாய்ப்பு உண்டு. ஒலிப்பதிவுக் கருவியால் மானை அழைக்கச் சில மாநிலங்களில் தடை இருக்கிறது. கருவி வாங்குமுன் அந்த மாநிலத்து வேட்டை விதிகளைப் படித்துவிடுவது நல்லது.