வாடையும் உட்பஞ்சும்: தீவகக் குளிர்ச்சட்டை பற்றிய ஓர் ஆராய்ச்சி

1. ஆய்வுக் களம்

யாழ்ப்பாணத் தீவகத்தில் குளிரா என்று சிரிப்பவர், மார்கழி விடியலில் குறிகட்டுவான் துறையிலிருந்து நெடுந்தீவுப் படகின் மேல்தட்டில் போய் வரட்டும். வெப்பமானி இருபது பாகைக்குக் கீழே இறங்க அநேகமாக மறுத்துவிடும். ஆனால் சுமார் ஒரு மணி நேரம் வாடைக்காற்றும் அலைத் தெறிப்பும் சேர்ந்தடித்தால் பல் தந்தியடிக்கும். வீட்டுத் தையல் மெசினில் குளிர்ச்சட்டை தைப்பவர் உள்ளே எதை அடைப்பது என்பதே நம் ஆய்வு வினா.

2. கோட்பாடு

குளிரைத் தடுப்பது பஞ்சன்று. பஞ்சுக்குள் அசையாமல் கிடக்கும் காற்று. அதாவது, காற்றைக் காற்றாலேயே மறிக்கும் வித்தை இது.

3. பொருள் ஒப்பீடு

பருத்தி: நனையும், நனைந்தால் உடற்சூட்டையும் உறிஞ்சும். தள்ளுபடி.

இலவம்பஞ்சு: இழையில் மெழுகுத்தன்மை இருப்பதால் இலகுவில் நனையாது. முன்பு உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். படகு கவிழும் என்று உறுதியாக நம்புவோர்க்கு உகந்தது. ஆனால் அமுங்கினால் லேசில் எழும்பாது.

ரெஜிபோம்: மீன்பெட்டியில் ஐஸைக் காக்கும் இதே பொருள் மனிதச் சூட்டையும் காக்கும். கைதான் மடங்காது.

பொலியெஸ்ரர்: 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டது, இன்று தலையணைகளுக்குள் ஒளிந்திருப்பது. இழை தன் எடையில் நூற்றிலொரு பங்கு நீரைக்கூட உறிஞ்சாது. பிழிந்து உதறினால் மீண்டும் உப்பும். இதுவே தேர்வு.

4. கள அவதானங்கள்

பஞ்சைக் குறுக்குத் தையலால் கட்டிப்போடாவிட்டால் அது கீழே இறங்கும். ஓரிரு சலவையில் நெஞ்சு வெறுமையாகி, இடுப்பில் மட்டும் செழிப்பான தொப்பை விழுந்த சட்டைகள் உண்டு. தையலை நெருக்கினாலோ பஞ்சு அமுங்கி, ஊசித்துளை வழியே வாடை நுழையும். ஆகவே வெளியே நெருக்கமாக நெய்த குடைத்துணி அவசியம். தையல் உள்துணியோடு நிற்கட்டும்.

கனடாவிலிருந்து வரும் பனிச்சட்டை வேறொரு சிக்கல். அது உறைபனிக்குத் தைத்தது. துறைக்குப் போகும் பஸ் வேலணை தாண்டுமுன்னே வியர்வையில் ஆள் உள்ளிருந்தே நனைவார். பக்கத்து இருக்கை ஆச்சியின் விமர்சனமும் பதிவாகியுள்ளது: "உதென்ன தம்பி, மெத்தையைச் சுத்திக்கொண்டு வாறாய்?"

5. முடிவு

மெல்லிய பொலியெஸ்ரர், மேலே குடைத்துணி, இடைவெளி விட்ட தையல். படகின் கீழறையில் இடம் கிடைத்தால் இவை எதுவும் தேவையில்லை; சக பயணிகளின் நெருக்கமே போதிய காப்பு. அதற்கு வேண்டியது ஊசியல்ல, வெள்ளாப்பிலேயே வந்து வரிசையில் நிற்கும் பழக்கம்.