வாயு வாத்தியார்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி நின்றுபோன தெருக்கள் உண்டு. வாயு வாத்தியார் இல்லாத தெரு கிடையாது. முண்டா பனியன், மடித்துக் கட்டிய வேட்டி, ஒரு திண்ணை. தோளைப் பிடித்துக்கொண்டு யாராவது அந்தப் பக்கம் வந்துவிட்டால் போதும்.

"அடி கிடி பட்டுச்சா?"

"இல்லீங்க."

"அப்போ வாயுதான்."

முதுகில் நாலு குத்து விடுவார். ஏப்பம் வரும். அந்தக் குத்துக்கு யாருக்குத்தான் வராது? "பாத்தியா!" என்பார்.

போன வாரம் கோர்வைச் சேலை நெய்கிற பையன் ஒருவன் வந்தான். குழித்தறியில் காலை இறக்கி, பொழுதுக்கும் குனிந்து நாடா எறிகிறவன். கால் மிதிக்கிறது, கை வீசுகிறது. இரண்டு தோள்பட்டைக்கும் நடுவிலுள்ள தசை மட்டும் அசையாமல் கழுத்தைத் தாங்கிக்கொண்டு கிடக்கிறது. ஓடியாடும் தசையைவிட இப்படிச் சும்மா பிடித்துக்கொண்டிருக்கிற தசைதான் சீக்கிரம் கதறும். வாத்தியார் கேட்டது ஒரே கேள்வி: "ராத்திரி உருளைக்கிழங்கு தின்னியா?" தின்றிருந்தான்.

அடுத்து, பட்டுக்கடையில் கணக்கு எழுதும் அக்கா. பத்து வருஷச் சர்க்கரை. கை மேலே போகவில்லை, பின்னல் போட முடியவில்லை. சர்க்கரைக்காரர்களுக்குத் தோள்மூட்டு இறுகிப்போவது சகஜம். 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்பார்கள் டாக்டர்கள். வாத்தியார் கணக்கில் அது மூட்டுக்குள் போய் வழி தெரியாமல் மாட்டிக்கொண்ட வாயு.

எனக்குப் பொறுக்கவில்லை. "வரதராஜப் பெருமாளுக்கே மிளகு, சீரகம், சுக்கு போட்ட குடலை இட்லி படைக்கிற ஊர் இது. வாயுதான் காரணம்னா இங்க ஒரு தோளும் வலிக்கக் கூடாதே?" என்றேன்.

"1979-ல அத்தி வரதர் எழுந்தருளினப்போ யாருக்குப்பா தோள் வலிச்சுது? 2019-ல பாரு, வரிசையில நின்னவன் பூரா தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நடுவுல நாப்பது வருஷம் பரோட்டா!"

பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் நின்றதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஒரே ஒரு தடவை கிட்டத்தட்ட ஜெயித்தார். கல்யாண விருந்து முடித்து வந்த ஜரிகைக் கடைக்காரருக்கு வலது தோளில் வலி. "வயித்துலதான் கோளாறு" என்றார் வாத்தியார். ஸ்கேன் எடுத்தால் பித்தப்பையில் கல்! உதரவிதானத்துக்குப் போகிற நரம்பும் தோளுக்குப் போகிற நரம்பும் கழுத்தில் ஏறக்குறைய ஒரே இடத்தில் கிளம்புகின்றன. ஒரே பாவில் ஓடுகிற இழைகள். எதை இழுத்தார்கள் என்று மூளைக்குப் பிடிபடுவதில்லை. அந்தக் கல்லை 'கெட்டிப்பட்ட வாயு' என்றுதான் வாத்தியார் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நல்ல மனுஷர்தான். சுக்குக் காபிக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் இடது தோள் வலியோடு நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் அந்தத் திண்ணையில் உட்கார்ந்துவிடாதீர்கள். ஏப்பத்துக்குக் காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.