மற்றவை மாறாதிருக்கும்போது

பத்தாம் வகுப்பில் நான் வாங்கிய கணக்கு மார்க்கைப் பார்த்ததும் ஃபர்ஸ்ட் குரூப்பும் செகண்ட் குரூப்பும் தாமாகவே ஒதுங்கிக்கொண்டன. மிச்சம் இருந்தது தேர்ட் குரூப். "கடைக்காரன் பிள்ளதானல, காமர்ஸ் படி. கடன் நோட்டாவது ஒழுங்கா எழுதுவ" என்று, கோவில்பட்டியில் மளிகைக்கடை வைத்திருந்த அப்பா மனதைத் தேற்றிக்கொண்டார். வணிகவியல், கணக்குப் பதிவியலோடு ஒட்டிக்கொண்டு வந்தது பொருளியல், 200 மார்க்குக்கு.

பொருளியல் என்றால் என்ன என்று சொல்வதற்கே புத்தகம் பஞ்சாயத்து கூட்டியது. அது செல்வத்தைப் பற்றியது என்று 1776-ல் ஆடம் ஸ்மித் சொல்லிவிட்டுப் போனார். இல்லை, மனிதனின் நலத்தைப் பற்றியது என்று 1890-ல் மார்ஷல் வந்தார். 1932-ல் ராபின்ஸ் எழுந்து, ஆசையோ கணக்கில்லாமல் கிடக்கிறது, சாதனமோ கொஞ்சம்தான் இருக்கிறது, சங்கதியே அதுதான் என்றார். அம்மா ராபின்ஸைப் படித்தவள் இல்லை. ஆனால் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் எங்கள் மூன்று பேரிடமும் அவர் கட்சியில்தான் பேசினாள்.

அடுத்து தேவை விதி. விலை குறைந்தால் தேவை கூடும், விலை கூடினால் தேவை குறையும். கோடு இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கிச் சரியும். இதற்கு ஒரு புத்தகமா என்று நினைத்தேன். விதிக்கு முன்னால் 'மற்றவை மாறாதிருக்கும்போது' என்று இரண்டு வார்த்தை நின்றதை நான் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலமே கடைக்குப் போய் அப்பாவுக்குப் பாடம் எடுத்தேன். "சீனி விலைய ஒரு ரூவா குறைப்போம்ப்பா. தேவை கூடும்."

அப்பா பொட்டலம் மடிப்பதை நிறுத்தவில்லை. "நாம குறைச்சா எதுத்த கடைக்காரனும் குறைப்பாம்லா?"

புத்தகத்தைப் புரட்டினேன். "அவரு குறைக்கமாட்டாருன்னு வச்சிக்கணும்ப்பா. மற்றவை மாறாதிருக்கும்போதுன்னு போட்டிருக்கு."

"அத எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? ரோட்டத் தாண்டிப் போயி அவன்ட்டச் சொல்லு."

நான் போகவில்லை. எதிர்த்த கடைக்காரர் ஆறடி.

அதற்கப்புறம் வந்தது 'குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி'. பேரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பயன்பாடு குறைந்துவிடும். ஒரே பொருளைத் தொடர்ந்து நுகர்ந்துகொண்டே போனால், ஒவ்வொரு அலகும் முந்தியதைவிடக் கொஞ்சம் குறைவான திருப்தியே தரும். அட்டவணையில் முதல் ஆரஞ்சுக்கு 20, அடுத்ததற்கு 15, அப்புறம் 10, 5, பூஜ்யம், அதற்கும் கீழே மைனஸ். ஆரஞ்சு வாங்க வசதியில்லாததால், நானும் பக்கத்து பெஞ்சு சிநேகிதனும் இதைப் பரோட்டாவில் சோதித்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று. தின்பது அவன், மார்க் எழுதுவது நான். துட்டு மட்டும் பாதிப் பாதி.

முதல் பரோட்டாவுக்கு 20 போட்டான். சரி. இரண்டாவதுக்கும் 20. பசி, போகட்டும். மூன்றாவதுக்கு 25 என்றான்.

"இருவதுக்குத்தானல மார்க்கு?"

"இப்பத்தான் கோழிச் சால்னா ஊத்துனாரு."

இலையைப் பார்த்தேன். முந்தின இரண்டுக்கும் ஊற்றியது வெறும் சால்னா. இதில் எண்ணெய் சிவப்பாக மிதக்க, ஓரத்தில் ஒரு எலும்புத்துண்டு கரை ஒதுங்கியிருந்தது. அலகுகள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கேயே போயிற்று. கல்லுக்கு முன்னால் நின்ற மாஸ்டர் என் நோட்டை எட்டிப் பார்த்து, "தம்பி, திங்க வந்தியளா, பரிச்ச திருத்த வந்தியளா?" என்றார். ஏழாவதில் ஒருவழியாகப் பூஜ்யம் வந்தது. எட்டாவதைப் பிய்த்து வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். அதுதான் மைனஸ். பில்லில் என் பங்கைக் கொடுத்தபோது எனக்கும் அதே மைனஸ்தான், ஒரு வாய்கூடத் தின்னாமலேயே.

இந்த விதியை எழுதிவைத்த கோசன் என்ற ஜெர்மானியரின் கதை எந்தத் தேர்விலும் வராது. 1854-ல் புத்தகம் போட்டார். வாங்க ஆளில்லை. மனம் நொந்து மிச்சப் பிரதிகளை அவரே திரும்ப எடுத்துக்கொண்டார். முதல் அலகே நகராத மனுஷன், அடுத்தடுத்த அலகைப் பற்றி விதி எழுதியிருக்கிறார்.

நான் பிளஸ் டூ படித்தது 1998-ல். அந்த அக்டோபரில் அமர்த்தியா சென்னுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எக்கனாமிக்ஸ் சார் அவர் பேரைக் கரும்பலகையில் பெரிதாக எழுதி, சொந்தக் காசில் ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். அப்போது நாடே வெங்காய விலையைத்தான் பேசிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் நடந்த தேர்தலில் டெல்லி ஆட்சியே மாறியது, வெங்காயத்துக்கும் அதில் பங்குண்டு. "சார், அவரு வெங்காய விலையக் குறைப்பாரா?" என்று கடைசி பெஞ்சு கேட்டது. சார் கோபப்படவில்லை. 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் லட்சக்கணக்கில் ஜனங்கள் செத்ததற்கு அரிசியே இல்லாமல் போனது காரணமில்லை, இருந்த அரிசியை வாங்க அவர்கள் கையில் வழியில்லை, அதைத்தான் சென் ஆராய்ந்து சொன்னார் என்றார். கடைசி பெஞ்சு அன்றைக்கு ஒருநாள் பேசாமல் இருந்தது.

ராத்திரி இதை அப்பாவிடம் சொன்னேன். "அதத்தான நானும் இருவது வருசமாக் கடன் நோட்டுல எழுதிட்டிருக்கேன்" என்றார். நோபல் குழு அந்த நோட்டைப் பார்த்ததில்லை.

கடையிலோ தேவைக் கோடு தலைகீழாக நின்றது. கால் கிலோ வெங்காயம் வாங்கிக்கொண்டிருந்த அக்காக்கள், விலை ஏற ஏற, ரெண்டு கிலோ கேட்டார்கள். நான் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கீழ்நோக்கிச் சரியும் கோட்டை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சார் வந்தார்.

"அண்ணாச்சி, வெங்காயம் என்ன வெல?"

அப்பா சொன்னார். சார் முகம் சுருங்கியது. நான் ஆவலாக எழுந்து நின்றேன். விதியை வகுப்பெடுத்தவரே வந்திருக்கிறார், எப்படியும் கால் கிலோவுக்கு இறங்குவார்.

"மூணு கிலோ போடுங்க. நாளைக்கு இன்னும் ஏறும்னு வீட்டுல சொல்லுதாவ."

என்னையும் கையிலிருந்த புத்தகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பையை விரித்துப் பிடித்தபடியே, "இது விதிவிலக்குல வரும்டே," என்றார். "பரிச்சைக்கு வராது."